சீதன வீடும் ஓராண்டு முத்திரையும்

அமெரிக்க எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விதான். கனடாவில் உங்களுக்கு என்ன இருக்கிறது? கேட்கிற ஆள் மாறுவார். ஒருமுறை மீசைக்காரர், ஒருமுறை ஒரு பெண், ஒருமுறை கேட்கும்போதே கொட்டாவி விட்ட ஒரு பொடியன். கேள்வி மட்டும் மாறியதில்லை. நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். வீடு இருக்கிறது. சொல்லிக்கொண்டே வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியை நீட்டுவேன். டொராண்டோவின் ஸ்காபரோவில் மூன்று அறை வீடு, குமுதினி சேந்தன் என்று என் பெயரில். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவார். இன்னும் ஒரு வருடம் டெக்சாஸில் வேலை செய்யலாம்.

இந்த விசாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் தங்களுக்குள் வியாபாரம் செய்வதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டபோது, படித்த தொழில்காரர்களும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரலாம் என்று அதன் ஒரு மூலையில் சேர்த்துவிட்டார்கள். கனடாக் குடியுரிமை உள்ளவர் தூதரக வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. பட்டச் சான்றிதழையும் வேலைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனால் அங்கேயே பார்த்து அங்கேயே முடிவு சொல்வார்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் தங்கிவிட வரவில்லை, திரும்பிப் போக எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று எதிரே நிற்கிற அந்த ஒரு மனிதருக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

டெக்சாஸில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கீழ்வீட்டில் வெங்கடகிருஷ்ணன் என்று ஒரு சென்னைக்காரர் இருந்தார். என்னோடு அதே கணினிக் கம்பெனியில் வேலை. கார் பார்க்கிங்கில் என்னைக் கண்டால் விடமாட்டார்.

"உங்களுக்கு என்னங்க, பார்டர்ல போய் நின்னா ஸ்டாம்ப் அடிச்சுக் குடுத்துடறான். நாங்க க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு வருஷக்கணக்கா வெயிட் பண்றோம்!"

நான் சிரித்து வைப்பேன். அவர் காத்திருக்கலாம், அவருடைய விசா அதை அனுமதிக்கிறது. நான் க்ரீன் கார்டு என்று வாயைத் திறந்தாலே, ஓகோ இவளுக்குத் தங்குகிற எண்ணம் இருக்கிறது என்று இருக்கிற விசாவும் போய்விடும். இதையெல்லாம் பார்க்கிங்கில் நின்று விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

பொறுமையெல்லாம் என் கணவருக்குத்தான். சேந்தனை நான் ஒருநாளும் கோபமாகப் பார்த்ததில்லை, அதுவே சில வேளை எனக்குக் கோபத்தை வரவழைக்கும். இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவர், பிரச்சினைக் காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கனடாவுக்கு ஓடிவந்தார். டொராண்டோவில் இயந்திரப் பாகங்கள் கடைகிற ஒரு தொழிற்சாலையில் சாதாரண ஆளாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஆனார். கையில் பட்டம் இல்லாததால் ஒப்பந்தத்துக்கு அவர் ஆள் இல்லை. என் மனைவி வேலைக்குப் போகிறாள், நானும் கூடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் பின்னால் வரலாம். வந்து சமைக்கலாம், நூலகத்துக்குப் போகலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது. எனக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தபோது, "போவம், ஒரு வருசம்தானே" என்று சொன்னவர் அவர்தான். அது மூன்று வருடம் ஆகிவிட்டது.

அவரிடம் ஒரு சிவப்புக் கருவிப் பெட்டி இருந்தது. எருமை மாதிரிக் கனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திறந்து, ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, வெல்வெட்டுத் தட்டில் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு மூடுவார். வேலை செய்யாத கருவிக்கு எதற்குக் குளிப்பாட்டல் என்று நான் கேட்பேன், அவர் அடுத்த கருவியை எடுத்துத் துடைப்பார். ஒருமுறை வெங்கடகிருஷ்ணனின் வாஷிங் மெஷினைத் திருத்திக் கொடுத்தார். அவர் நன்றியோடு இருபது டாலரை நீட்டியதும் சேந்தன் பாம்பைக் கண்டவர் மாதிரிப் பின்னால் போய்விட்டார்.

"வேண்டாம், வேண்டாம். நான் இஞ்ச வேலை செய்யக்கூடாது. ஆரும் பாத்தா இவவின்ர விசாவுக்குப் பிரச்சினை."

வெங்கடகிருஷ்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். சேந்தன் சிரிக்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

இரண்டாயிரமாம் ஆண்டு தை மாதம் என் தங்கை தர்மினிக்குக் கல்யாணம் வைத்தார்கள். என் விசா முடிவதும் அந்தக் கிழமைதான். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பாலத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வருவது என்று தீர்மானித்தோம். விமானத்தில் போகலாம் என்றேன். சேந்தன் காரில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் பிடிவாதம் பிடிப்பது அபூர்வம் என்பதால் விட்டுக்கொடுத்தேன். புறப்படுகிற காலையில் பார்த்தால் டிக்கியில் அந்தச் சிவப்புப் பெட்டி.

"கலியாண வீட்டுக்கு இதென்னத்துக்கு?"

"மாமியின்ர குசினி அலுமாரித் தட்டு ஒண்டு கழண்டு கிடக்காம். பூட்டிக் குடுக்கலாம்."

"ஒரு தட்டுப் பூட்ட ஒரு ஸ்க்ரூட்ரைவர் காணாதே? இரும்புக் கடையையே கொண்டு போறியள்."

அவர் டிக்கியை மூடினார்.

ஸ்காபரோ வீட்டில் காலடி வைத்த அன்றைக்கே அம்மா கதையைத் தொடங்கிவிட்டாள். எங்கள் ஊர் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். நாங்கள் நாட்டைவிட்டு வந்தாலும் அந்த வழக்கமும் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமானபோது, அப்பா இரட்டை வேலை செய்து கடன் கட்டிமுடித்த இந்த வீட்டை என் பெயருக்கு எழுதினார். சேந்தன் வேண்டாம் என்றுதான் சொன்னார். சீதனம் கொடுக்காவிட்டால் சனம் என்ன சொல்லும் என்று அம்மா எழுதவைத்தாள். வீடு என் பெயரில், இருப்பது அவர்கள். பிறகு நான் டெக்சாஸுக்குப் போனபோது விசா வழக்கறிஞர் உறுதியைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். இதைக் கைவிட்டுவிடாதீர்கள், எல்லையில் இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது என்றார்.

"மாப்பிள்ளை வீட்டார் வீடு கேக்கினம், பிள்ளை," என்றாள் அம்மா.

"கேக்கட்டும். குடுக்கிறதுக்கு வீடு எங்க இருக்கு?"

"இருக்குத்தானே. இது உன்ர பேரில சும்மாதானே கிடக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சும்மா கிடக்கேல்லை அம்மா. இந்த வீடு என்ர பேரில இருக்கிறதாலதான் என்னை அங்கால விடுறாங்கள்."

அம்மா என்னைப் புத்தி பேதலித்தவளைப் போலப் பார்த்தாள். "நீ வேலை செய்யிறது டெக்சாஸில. வீடு இருக்கிறது ஸ்காபரோவில. இஞ்ச இருக்கிற வீடு என்னெண்டு உன்னை அங்க விடும்? நீ குடுக்க மனமில்லாமல் கதை சொல்லாத."

"குடுத்ததைத் திரும்பக் கேக்கிறது சரியில்லை, ஞானமணி," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"அப்ப நீங்கள் இன்னொரு வீடு வாங்குங்கோ!" என்று அம்மா அவர்மேல் பாய்ந்தாள்.

முதுகு போய் வேலையை விட்ட மனிதர். திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அம்மாமேல் ஆத்திரமாக இருந்தது.

தர்மினி என்னை மேலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "அக்கா, எனக்கு ஒரு வீடும் வேண்டாம். ஜனா கேக்கேல்லை. அவற்ர அம்மாதான் கேக்கிறா."

"அப்ப ஜனா வாயைத் திறந்து வேண்டாமெண்டு சொல்லலாமே? ஜனார்த்தனன் எண்டு இவ்வளவு நீளப் பேர் வச்சிருக்கிறார், ஒரு சொல்லுச் சொல்ல வாய் வராதே?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். மண்டபம் எடுத்தாயிற்று, கூறைச்சேலை வாங்கியாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது நான் இல்லை என்றால் இவள் கல்யாணம் நிற்கும், அதற்குக் காரணம் நானாவேன். அம்மா வேண்டுமென்றேதான் நான் வந்திறங்கும்வரை இந்தக் கதையை அடக்கி வைத்திருந்தாள். தொலைபேசியில் கேட்டிருந்தால் முடியாது என்று வைத்துவிட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் சேந்தன்தான் சொன்னார். "குடுத்துவிடும், குமுதினி."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டு விஷயத்தில் மனிதர் வாய் திறந்ததே இல்லை.

"பாலத்தில என்னத்தைக் காட்டுறது?"

"அதைப் பிறகு பாப்பம். தர்மினியின்ர முகத்தைப் பாரும்."

"எங்கட மருமோன் தங்கம்," என்று அம்மா அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள். எனக்குப் போடவில்லை.

நான் எழுதிக் கொடுத்தேன். பெருந்தன்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தா வைத்துக்கொள்ளுங்கள் என்கிற ஆத்திரத்தில்தான் பேனையை எடுத்தேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் அம்மா என் தலையைத் தடவினாள், நான் தலையை இழுத்துக்கொண்டேன். கல்யாணம் நன்றாக நடந்தது. மணவறையில் தர்மினி என்னைப் பார்த்துச் சிரித்தபோது என் கோபத்தில் பாதி போய்விட்டது. மறுபாதி பாலம்வரை கூடவே வந்தது.

திரும்பிப் போகிற அன்று காலையில் சேந்தன்தான் காரில் சாமான் ஏற்றினார். நான் உதவிக்குப் போகவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளும் பலகாரமும் என்ன ஆனது என்றுகூடப் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி, விசாக் கடிதங்கள் இருந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பனி குவிந்து கிடந்தது. பழைய உறுதியின் பிரதி கோப்புக்குள் இன்னும் இருந்தது. என் பெயர், முத்திரை, எல்லாம் பழையபடி. நான் அதை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

"இதைக் காட்டினா அவனுக்கு என்ன தெரியப்போகுது? டொராண்டோவுக்குப் போன் எடுத்து விசாரிக்கப் போறானே?"

"வேண்டாமப்பா. பொய் சொல்லிப் பிடிபட்டால் சீவியத்துக்கும் உள்ள விடமாட்டாங்கள்."

"உண்மையைச் சொன்னா இண்டைக்கே விடமாட்டாங்கள். திங்கட்கிழமை நான் வேலையில நிக்க வேணும். அவங்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கமாட்டாங்கள், வேற ஆளைப் போட்டுடுவாங்கள். பிறகு என்ன செய்யிறது? ரெண்டு பேரும் போய்த் தர்மினியின்ர சீதன வீட்டில நிலவறையில குடியிருப்பமே?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. சின்னப் பொய் சொன்னாலே காது இரண்டும் சிவந்துவிடும். பிறந்தநாளுக்கு எனக்கு என்ன வாங்கி வைத்திருக்கிறார் என்பதைக்கூட அந்தக் காதைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அதனால் பாலம் தெரியத் தொடங்கியபோது சொன்னேன்: "நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம். கேட்டா நான் கதைக்கிறன்."

"ம்," என்றார்.

பாலத்தைத் தாண்டி, அமெரிக்கப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனோம். எங்களுக்கு முன்னால் நின்றவர் ஒரு கணக்காளர் போலிருந்தார், டை கட்டியிருந்தார். அவருடைய வேலைக் கடிதத்தில் ஏதோ குறை. அவர் கெஞ்சினார், அங்கேயிருந்து கம்பெனிக்குத் தொலைபேசி எடுக்கலாமா என்று கேட்டார். அதிகாரி கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார். அந்த மனிதர் எங்களைத் தாண்டிப் போகையில் மன்னிப்புக் கேட்பவர் மாதிரிச் சிரித்தார். நான் என் வேலைக் கடிதத்தை எடுத்து இன்னொருமுறை பார்த்தேன்.

அதிகாரி வயதானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். என் பட்டச் சான்றிதழைப் பார்த்தார். வேலைக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். சம்பளத்தைக் கேட்டார், என்ன வேலை என்று கேட்டார். அதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறகு கடவுச்சீட்டின் பழைய முத்திரைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"மூன்று வருடம் முடிந்துவிட்டது. கனடாவில் உங்களுக்கு என்ன இருக்கிறது?"

"வீடு," என்றேன்.

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று இப்போது சொல்லலாம். அப்படியில்லை. நினைத்துத்தான் சொன்னேன். பிரதியைக் கோப்பிலிருந்து உருவி நீட்டினேன். அது மேசைக்குப் போவதற்குள் சேந்தனின் கை அதன் மேல் விழுந்தது.

"மன்னிக்கவேண்டும் ஐயா," என்றார் ஆங்கிலத்தில். "அந்த வீடு இப்போது இவருடையது இல்லை."

அந்தக் கணத்தில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருப்பேன். ஆறு வருடம் குடும்பம் நடத்திய மனிதர், எந்தச் சண்டையிலும் வாய் திறக்காத மனிதர், திறப்பதற்கு இந்த இடத்தையா பார்த்தார்?

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பினார். "இதில் உங்கள் பெயர் இருக்கிறதே?"

"போன கிழமைவரை என்னுடையதுதான். என் தங்கைக்குக் கல்யாணம். அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"விற்றீர்களா?"

"இல்லை. கொடுத்தேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன்?"

சீதனத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும், அது எங்கள் வழக்கம், முதலில் எனக்குக் கொடுத்தார்கள், இப்போது அவள் முறை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"வீடு கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை வரமாட்டானா?"

போன கிழமை இதே கேள்வியை அம்மாவிடம் நான் கத்திக் கேட்டிருந்தேன். இந்த மனிதர் கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது, அம்மாவுக்காக வாதாடவேண்டும் போலவும் இருந்தது. "அப்படியில்லை, அது பெண்ணின் பாதுகாப்புக்கு," என்றேன்.

"சரி, அது உங்கள் விஷயம்." அவர் தாளை எனக்குத் திருப்பித் தள்ளினார். "என் விஷயம் வேறு. உங்கள் வேலை டெக்சாஸில். கணவர் உங்களோடு டெக்சாஸில். சாமான்கள் டெக்சாஸில். வீடும் இல்லை. நீங்கள் திரும்பிப் போவதற்குக் கனடாவில் என்ன மிச்சம்?"

"அப்பா, அம்மா இருக்கிறார்கள்."

"எல்லோருக்கும் இருக்கிறார்கள்."

அவர் கடவுச்சீட்டை மூடினார். நீங்களாகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் உங்கள் பெயரில் ஒரு குறிப்பும் இருக்காது, வேறு சாட்சியோடு இன்னொரு நாள் வரலாம் என்றார். குரல் கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். திங்கட்கிழமை காலையில் என் நாற்காலி காலியாகக் கிடப்பது கண்முன் வந்தது. மூன்று வருடம் உழைத்துச் சேர்த்த பெயர் இந்த மேசையோடு போகப்போகிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான் இருக்கிறேன்," என்றார் சேந்தன்.

அதிகாரி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நான் இவரோடு போகவில்லை. எனக்கு அனுமதி கேட்டு இங்கே நான் நிற்கவில்லை. நான் டொராண்டோவில் இருக்கப்போகிறேன்."

"எங்கே?"

ஒரு முகவரி சொன்னார். தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெரு. என்ன வேலை என்று கேட்டதற்கு, பழைய தொழிற்சாலையில் பழைய வேலை என்றார். எப்போது தொடங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, திங்கட்கிழமை காலை என்றார்.

என்னைக் காப்பாற்றுவதற்காக மனிதர் முதல் தடவையாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது காது சிவக்கப்போகிறது, இந்தக் கிழவர் பார்த்துவிடப் போகிறார் என்று அவருடைய காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது சிவக்கவில்லை. கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை. எப்போதும் போல அப்படியே இருந்தது. அப்படியென்றால் அவர் சொன்னது பொய் இல்லை.

"உண்மையா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். "உங்கள் கணவர் கனடாவிலேயே இருக்கப்போகிறாரா?"

"ஆம்," என்றேன்.

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

அந்த மேசையில் அகப்படாமல் போன பொய் அது ஒன்றுதான். அதையும் நான்தான் சொன்னேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கடவுச்சீட்டைத் திறந்து, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்துப் பின் அடித்து, முத்திரையை எடுத்துக் குத்தினார். "ஒரு வருடம்," என்றார். "நல்வாழ்த்துகள்."

வெளியே காற்று முகத்தில் அறைந்தது. சேந்தன் தன் பையை எடுக்க டிக்கியைத் திறந்தார். அவருடைய பை எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதன் அடியில் என் பெட்டிகளும் அம்மாவின் பொதிகளும் இருந்தன. டெக்சாஸிலிருந்து வரும்போது சிவப்புப் பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் மிளகாய்த்தூள் பொதி இருந்தது.

"டூல் பெட்டி எங்க?"

"தொழிற்சாலைக்குப் பக்கத்தில ஒரு அறை எடுத்திருக்கிறன். அங்க விட்டிட்டு வந்தனான்."

"வேலைக்கு எப்ப கேட்டனீங்கள்?"

"நத்தாருக்கு முதல் போன் எடுத்தனான். எப்ப வேணுமெண்டாலும் வா எண்டு முதலாளி சொன்னவன்."

கிறிஸ்மஸுக்கு முதல். வீட்டைக் கொடு என்று அம்மா கேட்பதற்கு முதல். நான் டெக்சாஸில் இருந்துகொண்டு கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் பாத்தனான்." பையைத் தோளில் மாட்டினார். "மூண்டு வருசமப்பா. ஒருத்தன் நன்றியெண்டு இருவது டொலர் நீட்டினாலும் கள்ளன் மாதிரி ஓடுறன். நீர் வேலையால வந்து இண்டைக்கு என்ன செய்தனீங்களெண்டு கேக்கேக்க, என்னத்தைச் சொல்லுறதெண்டு பின்னேரம் முழுக்க யோசிச்சுக்கொண்டு இருப்பன். என்னால ஏலாது."

"உள்ளுக்கு வச்சு அந்த வீட்டுக் கதையை உடைச்சது?"

"நீர் பொய் சொல்லிப் பிடிபட்டால் எல்லாம் போயிடும். அதுக்குத்தான்."

"நிக்கிறனெண்டு சொன்னது எனக்காகவோ, உங்களுக்காகவோ?"

"ரெண்டுக்கும்தான்," என்றார்.

"முதலே சொல்லியிருந்தா வேற ஏதும் செய்திருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீர் வேலையை விட்டிட்டு என்னோட வந்திருப்பீர். அது எனக்கு விருப்பமில்லை."

அவர் சொன்னது பிழை. நான் விட்டிருக்கமாட்டேன். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று அவரைத்தான் கெஞ்சியிருப்பேன், அவரும் வந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. என் மரியாதையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தபோது அவருடைய இரண்டு காதும் மெல்லச் சிவந்துகொண்டு வந்தன.

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அம்மாவின் பலகாரப் பொதியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"இது எனக்கெதுக்கு? நீர் தூரம் ஓடப்போறீர்."

"கொண்டு போங்கோ. திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் குடுங்கோ."

அவர் கார்ச் சாவியை என் கையில் வைத்தார். டயரில் காற்றுப் பார்த்துவிட்டேன், எண்ணெய் மாற்றிவிட்டேன், பனி கொட்டினால் எங்காவது ஒதுங்கி நில்லும் என்றார். பாலத்தின் ஓரத்தில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு பாதை இருந்தது. தோளில் பையும் கையில் பொதியுமாக அதில் ஏறி நடந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தார். கூன் போட்டு நடக்கிற மனிதர் அன்றைக்கு நிமிர்ந்து நடந்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

தெற்கே போகிற நெடுஞ்சாலையைப் பிடித்தேன். பக்கத்துச் சீட்டில் கோப்பு கிடந்தது, அதற்குள் உதவாத உறுதியும் புது முத்திரையும் இருந்தன. அடுத்த தையிலும் அதே மேசை முன்னால் வந்து நிற்பேன். கனடாவில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். என் கணவர் இருக்கிறார் என்று சொல்வேன், கேட்டவரும் முத்திரை குத்துவார். அதற்காக அடுத்த தைவரை சேந்தன் அங்கேயே இருக்கவேண்டும். அவர் என்னிடம் வந்துவிட்டால் எனக்கு வேலை இல்லை.